துவைக்கக் கூடாத மூட்டை

சலவைக் கடைக்குள் நுழைந்தால் சோப்பு வாசனை வர வேண்டும். எங்கள் கடையில் அந்த வருடம் செத்த எலி வாசனை வந்தது. எலி செத்திருந்தாலாவது தேடி எடுத்து வெளியே வீசியிருக்கலாம். இது வீச முடியாத சமாச்சாரம். இஸ்திரி மேசைக்குப் பின்னால், சுவர்க் கொக்கியில், வாயைக் கம்பி போட்டு முறுக்கிய ஒரு சாக்கு மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எங்கள் தெருக் கால்பந்து அணியின் ஜெர்சிகள். சீசன் பாதியைத் தாண்டியும் சொட்டுத் தண்ணீர் படாத ஜெர்சிகள்.

கடை என் அண்ணியுடையது. நான் அவளுடைய நாத்தனார். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் நான் பெட்டியோடு திரும்பி வந்த அன்று, என் கூடப் பிறந்த அண்ணன் வாசலிலேயே "என்ன, வந்துட்டியா?" என்றான். அண்ணி உள்ளேயிருந்து "சாப்டியா?" என்றாள். அன்றிலிருந்து நான் யார் கட்சி என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் பார்த்த கை. ஆனால் அழுக்கோடு சமாதானமாகப் போகத் தெரியாதவள். வெந்நீர் என்றால் கொதித்திருக்க வேண்டும், வெள்ளை என்றால் கண் கூச வேண்டும். மடித்த துணியை மூக்கருகே வைத்துப் பார்த்த பிறகுதான் ஆளிடம் கொடுப்பாள். தெருவில் அவளுக்கு நுரையக்கா என்று பெயர். யாரைப் பற்றிக் கேட்டாலும் அவர்களுடைய காலரைப் பற்றித்தான் பதில் சொல்வாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்த அன்றே, "கழுத்துப் பட்டையோட உள்பக்கத்தைக் கவனிச்சியா?" என்று கேட்டாள். நான் கவனிக்கவில்லை. அப்புறம் பட்டேன்.

அப்படிப்பட்டவளின் கடையில் அந்த மூட்டை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு அணி வருடா வருடம் கடைசியாக வரும். அதற்கு யாரும் வெட்கப்பட்டதும் இல்லை. தோற்ற துணியை அண்ணி துவைத்துக் கொடுப்பாள், அடுத்த வாரம் பளிச்சென்று போட்டுக்கொண்டு மறுபடி தோற்பார்கள். அந்த வருடம் முதல் ஆட்டத்தில் மழை. சேற்றில் உருண்டு எப்படியோ ஜெயித்துவிட்டார்கள். அந்த வாரம் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, மின்சாரமும் இல்லை, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வழியும் இல்லை. துவைக்காத ஜெர்சியோடு போனார்கள். அதிலும் ஜெயித்தார்கள். அவ்வளவுதான். கேப்டனுக்கு ஞானம் பிறந்தது. அவர் தொழில் குழாய் ரிப்பேர், அடைத்துக்கொண்ட சாக்கடையில் தோள்வரைக்கும் கையை விடுகிறவர். "இனிமே தோக்கற வரைக்கும் தண்ணி படக்கூடாது" என்று அறிவித்தார். தெருவே கை தட்டியது.

துவைக்காத துணிக்குச் சலவைக் கடையில் என்ன வேலை என்று நியாயமாகக் கேட்கலாம். அண்ணி கேட்டாள். என் அண்ணன்தான் பதில் சொன்னான். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற அவனுக்கு, கிளப் செயலாளர் என்கிற பட்டம் கிடைத்ததிலிருந்து தலைகால் புரியவில்லை.

"கிளப் ரூம்ல பூட்டு சரியில்ல. அந்தப் பக்கத்துக்காரனுங்க தூக்கிட்டுப் போய்த் துவைச்சுட்டானுங்கன்னா?"

திருடிவிடுவான் என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துவைத்துவிடுவான் என்று பயந்த கூட்டத்தை அந்த வருடம்தான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் என்றால் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அவர்களுக்கும் ஓர் அணி. அவர்களும் மனிதர்கள்தான், அதே ரொட்டிக் கடையில் ரொட்டி வாங்குகிறவர்கள்தான். ஆனால் எங்கள் ஜெர்சி சங்கதி தெரிந்ததும் அவர்கள் செய்த வேலை இருக்கிறதே. எங்கள் ஆட்டம் எது நடந்தாலும் பை நிறைய சோப்புக் கட்டியோடு வந்து மைதானத்துக்குள் எறிந்தார்கள். ஒரு சோப்பு எங்கள் ஆள் ஒருவனின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் ஜெர்சியில் வழிந்தது. அதையும் துவைக்கவில்லை. அந்தக் கறைக்கு முத்தம் கொடுத்துவிட்டு மைதானத்தில் இறங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் தெருவில் நடந்த ஒற்றுமையைச் சொல்லாவிட்டால் பாவம். மாடி வீட்டுக்காரம்மாவும் ரொட்டிக் கடைக்காரரும் ஒரு ஏர்கூலர் சொட்டுத் தண்ணீருக்காக வருடக்கணக்கில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள். இப்போது தோள்மேல் கை போட்டுக்கொண்டு பாடினார்கள். வாசலில் நின்றுகூடப் பேசாதவர்கள் எங்கள் கடைக்குள் வந்து மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். கவுன்சிலர் வந்து, "விளையாட்டு மக்களை இணைக்கிறது என்பதற்கு இந்தத் தெருவே சாட்சி" என்று பேசினார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் பேசினார். அதற்கு முந்தின வருடம் சாக்கடை உடைந்து எங்கள் வாசலில் ஓடியபோது ஒரு கையெழுத்துப் போட இந்தத் தெருவில் ஓர் ஆள் கிடைக்கவில்லை. இணைவதற்கு நாற்றம்தான் வேண்டும் என்றால் அப்போதே இணைந்திருக்கலாம்.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் முதலிலேயே வருவதை விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்துக்காரர்கள் மூட்டையைக் கும்பிட வந்தார்களே தவிர, வீட்டுத் துணியை வேறு கடைக்குக் கொண்டு போனார்கள். "நுரையக்கா கடை நாத்தம்டி" என்று அவர்களே பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அண்ணி வாசலில் நின்று, கையில் வெள்ளைத் துணியோடு, உள்ளே திரும்பாமல் மூச்சு விடுவாள். கடைக்காரி தன் கடைக்குள் போகத் தயங்கியதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட அவளை வாட்டியது அக்கா விஷயம். அண்ணியின் கூடப் பிறந்த அக்காவைக் கட்டிக்கொடுத்தது மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். தினமும் மத்தியானம் அக்கா கடைக்கு வருவாள். விடுதிகளிலிருந்து வரும் பெரிய படுக்கை விரிப்புகளை ஒரே ஆள் மடிக்க முடியாது. ஒரு முனையை அண்ணி பிடிப்பாள், இன்னொரு முனையை அக்கா பிடிப்பாள். இழுத்து, உதறி, நெருங்கி வந்து, விரல் தொட்டு, விலகி, மறுபடி இழுப்பார்கள். அதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துவிடுவார்கள். சீசன் சூடு பிடித்ததும் என் அண்ணன் "அந்தப் பக்கத்து ஆள் மூட்டை கிட்ட வரக்கூடாது" என்றான். அங்கே அக்காவின் வீட்டுக்காரரும் "அந்த அழுக்குத் தெருவுக்குப் போகக்கூடாது" என்றார். இரண்டு ஆண்களும் வாழ்நாளில் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். அக்காவின் முனையை நான் பிடித்தேன். எனக்கு உயரம் போதாது, விரிப்பு தரையில் இழுபடும்.

இதெல்லாம் சகித்துக்கொண்டிருப்போம். பூட்டுக்கு வந்தபோதுதான் அண்ணி நிமிர்ந்தாள்.

பூட்டு என்பது அண்ணியின் மகன், என் மருமகன். அணியின் கோல்கீப்பர். அவன் நின்றால் கோல் கம்பத்துக்கே பூட்டுப் போட்ட மாதிரி என்று அந்தப் பெயர். வேலை ஒரு கிடங்கில், பெட்டி ஏற்றி இறக்குவது. அவனுக்குச் சோறு போடுவதும் கைதான், பெயர் வாங்கிக் கொடுத்ததும் கைதான்.

ஒரு நாள் அவனுடைய உள்பனியனைத் துவைக்க எடுத்த அண்ணி, அக்குள் பக்கத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இது வேர்வை இல்ல" என்றாள் என்னிடம். "சீழு."

அவனைக் கூப்பிட்டு "கையைத் தூக்கு" என்றாள். அவன் நழுவப் பார்த்தான். அவள் விடவில்லை. வலது அக்குளில் ஒரு கட்டி, எலுமிச்சங்காய் அளவு, உச்சியில் மஞ்சள். பக்கத்தில் குட்டிக் கட்டிகள். சுற்றிலும் தோல் சிவந்து, அந்தச் சிவப்பு முழங்கையை நோக்கி இறங்க ஆரம்பித்திருந்தது. அண்ணி ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள், பெற்ற பிள்ளையின் உடம்பில் பார்த்ததில்லை.

டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். என்ன துணி போடுகிறான் என்று கேட்டார். அண்ணி சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

"விளையாடவே கூடாதுன்னு சொல்லுவேன். கேக்க மாட்டேன்னு உன் மூஞ்சியே சொல்லுது. அந்தச் சட்டை மட்டும் இன்னொரு தடவை இந்தப் புண்ணுல பட்டுச்சு, ரத்தத்துல ஏறிடும். அப்புறம் கை போகும். கையோட நின்னா அதிர்ஷ்டம்."

திரும்பி வந்ததும் பூட்டு வீட்டு வாசலில் வாயைத் திறந்தான். "செமிஃபைனல் வருதும்மா. இப்ப என் ஒருத்தனுக்காக ராசியைக் கெடுக்க முடியாது."

என் அண்ணன் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். "சீசன் முடியட்டும், பாத்துக்கலாம். இந்த வயசுல கட்டி வராதவன் யாரு?"

அண்ணி கேப்டனைக் கடைக்கு வரவழைத்துக் கேட்டாள். ஒரே ஒரு ஜெர்சி, கோல்கீப்பருடையது மட்டும், துவைத்துவிடுகிறேன் என்றாள். கேப்டன் வந்தபோது தெருவில் பாதி கூட வந்துவிட்டது. எல்லோரும் மிக மரியாதையாகப் பேசினார்கள். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

"அக்கா, பூட்டு உங்க பையன் மட்டுமா? எங்க எல்லாருக்கும் பையன்தான்" என்றார் கேப்டன். "அதுக்காகத்தான் சொல்றேன். அவன் பேரு நிக்கணும்ல."

"பேரு நிக்கும். கை நிக்குமா?"

"ஒரு கட்டிக்காக இவ்வளவு பேரோட சந்தோஷத்தையா கேப்பாங்க?" என்றாள் மாடி வீட்டுக்காரம்மா. அவளுடைய மகளுக்குப் பிரசவமானபோது ரத்தத் துணி அத்தனையையும் முகம் சுளிக்காமல் துவைத்துக் கொடுத்தவள் அண்ணி. அது அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ரொட்டிக் கடைக்காரர், "வேணும்னா கட்டு போட்டுக்கிட்டு அதுக்கு மேல ஜெர்சி போடட்டுமே" என்று வழி சொன்னார். ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். அண்ணி, கூட்டம் கலைந்ததும், அவர்கள் நின்ற தரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாள்.

செமிஃபைனலுக்கு முந்தின நாள் மத்தியானம் அந்தப் பக்கத்து அணிக்கு ஆட்டம். அவர்கள் தோற்பதைப் பார்க்க எங்கள் தெரு ஆண்கள் மொத்தமாகக் கிளம்பிப் போனார்கள். அண்ணி ஷட்டரைப் பாதி இறக்கினாள். இடுக்கியை எடுத்துக் கம்பியைப் பிரித்தாள்.

மூட்டை வாய் திறந்ததும் நான் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவள் எல்லா ஜெர்சியையும் தரையில் பரப்பியிருந்தாள்.

"ஒண்ணு மட்டும்னு சொன்னீங்களே அண்ணி."

"ஒண்ணைத் துவைச்சு இந்தக் கும்பல்ல திருப்பிப் போட்டா என்ன பிரயோஜனம்? மறுபடி ஒட்டிக்கும். எல்லாத்தையும்தான் துவைக்கணும்."

"கண்டுபிடிச்சா கொன்னுடுவாங்க."

"கண்டுபிடிக்காதபடி பாத்துக்கலாம்" என்றாள். ஜெர்சிகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எது யாருடையது, எந்தக் கறை எங்கே, எவ்வளவு அகலம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். அவள் திட்டம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

கொதிநீரில் போட்டு, மிஷினில் இரண்டு முறை ஓட்டி, டிரையரில் காய வைத்தாள். மஞ்சள் ஜெர்சிகள் கடையில் வாங்கிய அன்று இருந்த மஞ்சளுக்குத் திரும்பின. அவற்றைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பெரிய பாத்திரத்தில் டீத்தூளைக் கொதிக்க வைத்து, அந்தக் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோதே அண்ணி அனுப்பி, மைதானத்து மண்ணை நான் பையில் அள்ளி வந்திருந்தேன். அதை இரும்புச் சட்டியில் போட்டுப் புகை வரும்வரை வறுத்தாள், கிருமி சாகட்டும் என்று. வறுத்த மண்ணைச் சலித்து, முழங்கை, மார்பு, முதுகு என்று இருந்த இடத்தில் இருந்தபடியே தேய்த்தாள். இலைகளைக் கசக்கிப் புல் கறை போட்டாள். பீட்ரூட்டை வேகவைத்து, டீயோடு கலந்து, நெற்றி உடைந்தவனின் ரத்தக் கறையை வரைந்தாள். நாற்றத்துக்கு வினிகரும் வெங்காயச் சாறும் தெளித்தாள். பூட்டின் ஜெர்சியில் மட்டும் வலது அக்குள் பக்கத்தில் எதுவும் படாமல் விட்டாள்.

கறையை எடுத்தே வாழ்ந்தவள் உட்கார்ந்து கறை போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்த வெறுப்பைப் பார்க்க முடியவில்லை. "என் பொழப்பைப் பாரு" என்று ஒரு முறை சொன்னாள். பிறகு சாக்கையும் கொதிக்க வைத்துக் காய வைத்து, ஜெர்சிகளைத் திணித்து, கம்பியை முறுக்கிக் கொக்கியில் மாட்டினாள்.

மறுநாள் கேப்டன் வந்து கம்பியைப் பிரித்தார். தன் ஜெர்சியை எடுத்து முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார்.

"இன்னும் ஏறியிருக்குடா" என்றார், பரவசத்தோடு. "கிட்ட நிக்க முடியல. இன்னிக்கி நம்மளை ஒருத்தன் அசைக்க முடியாது."

வெங்காயத்துக்குக் கண் கலங்கியது. அதைப் பக்தி என்று நினைத்து மற்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் உள்ளே போய் விரிப்பில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன்.

செமிஃபைனலில் ஜெயித்தார்கள். நன்றாகத் துவைத்த, கிருமி ஒன்றுகூட இல்லாத ஜெர்சிகளைப் போட்டுக்கொண்டு, அழுக்கின் ராசி என்று தெருவெல்லாம் ஆடினார்கள். பூட்டின் புண் காய ஆரம்பித்தது. தினமும் காலையில் அண்ணி "கையைத் தூக்கு" என்பாள். தூக்குவான். பார்ப்பாள். சிவப்பு இறங்கி, தோல் கட்டி, மேலே பொருக்கு வந்தது. "பாத்தியா அத்தை, ஜெர்சியே சரி பண்ணிடுச்சு" என்றான் என்னிடம். அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

ஃபைனல் அந்தப் பக்கத்து அணியோடு. அதற்கு முன்னும் துவைத்தாக வேண்டும். அந்த மத்தியானம் பின்வாசலில் யாரோ தட்டினார்கள். அக்கா. தங்கை மகனுக்குப் புண் என்று அப்போதுதான் கேள்விப்பட்டாளாம், பழைய மெல்லிய பருத்தித் துணி ஒரு கட்டு கொண்டு வந்திருந்தாள். கட்டுப் போட. "சீசன் நாசமாப் போகட்டும்" என்றாள், உட்காராமலேயே. வந்தது வந்தாள் என்று ஒரு விரிப்பின் முனையைப் பிடித்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜெர்சிகள் அப்போது மிஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் பார்க்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் அவள் பின்வாசலால் போனதை மாடி வீட்டுக்காரம்மா மேலிருந்து பார்த்திருக்கிறாள்.

ஃபைனலில் தோற்றார்கள். கடைசி நிமிடத்தில் பூட்டின் விரலைத் தொட்டுக்கொண்டு பந்து உள்ளே போனது. அவ்வளவுதான் விஷயம். பந்து என்றால் சில நேரம் உள்ளே போகும். ஆனால் அன்று மாலை தெரு முழுக்க எங்கள் கடை முன்னால் நின்றது. மாடி வீட்டுக்காரம்மா நடுவில் நின்று கையை நீட்டினாள்.

"நான் பாத்தேன். அந்தப் பக்கத்துக்காரி, இவ அக்கா, பின்வாசல் வழியா வந்துட்டுப் போனா. கையில துணி மூட்டை இருந்துச்சு. அவதான் என்னமோ பண்ணியிருக்கா."

கேப்டன் தன் ஜெர்சியை முகர்ந்தார். வினிகர் அன்று அவருக்கு வினிகராகவே மணத்தது. "இது நம்ம அழுக்கே இல்ல" என்றார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. ரொட்டிக் கடைக்காரர் கையில் இரும்புக் கழி. அக்கா வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். என் அண்ணனுக்கும் தெரியும், அவன்தான் முன்னால் நடந்தான்.

அண்ணி ஓடிப்போய் மெயின் ரோட்டு முனையில் குறுக்கே நின்றாள். மூச்சு வாங்கியது.

"எங்க அக்கா எதையும் தொடல. நான்தான் துவைச்சேன்."

யாருக்கும் காதில் ஏறவில்லை. அவள் கேப்டனைப் பார்த்துச் சொன்னாள்.

"உன் முழங்கையில இருக்கறது புல்லு இல்ல, நான் கசக்கின இலை. நீங்க முத்தம் குடுத்தீங்களே அந்த ரத்தம், அது பீட்ரூட்டு. மண்ணை நான் சட்டியில வறுத்துப் பூசினேன். இன்னிக்கி மட்டும் இல்ல. செமிஃபைனலுக்கு முன்னாடியே துவைச்சுட்டேன். துவைச்ச சட்டையைப் போட்டுட்டுத்தான் ஜெயிச்சீங்க."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். ராசி பொய் என்று தெரிந்துவிட்டது, தலை குனிந்து கலைவார்கள் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள். மாடி வீட்டுக்காரம்மா காறி அண்ணியின் காலடியில் துப்பினாள். அதைப் பார்த்து இன்னொருத்தர் துப்பினார். கூட்டம் திரும்பி வந்து கடைக்குள் புகுந்தது. ரொட்டிக் கடைக்காரரின் கழி மிஷினின் வட்டக் கண்ணாடிக் கதவில் இறங்கியது. மடித்து அடுக்கிய விரிப்புகளை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். என் அண்ணன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். செயலாளர் அல்லவா.

பூட்டு கடைசியாக வந்தான். அண்ணி அவனைப் பார்த்து, "உன் கைக்காகத்தான்டா" என்றாள்.

"கை போயிருந்தாக்கூட பரவால்ல" என்றான் அவன். "இப்படி அசிங்கப்படுத்திட்டியேம்மா."

சொல்லிவிட்டுக் கிளப் ரூமுக்குப் போனவன், படுக்கையையும் அங்கேயே மாற்றிக்கொண்டான். அதன் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் மறு ஓரத்துக்குப் போய்விடுவான்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் சோப்புக் கட்டிகளைக் கோத்து ஒரு மாலை செய்து, மேளதாளம் இல்லாத குறையாக ஊர்வலமாக வந்தார்கள். தங்கள் வெற்றிக்குக் காரணமான தாய் என்று அண்ணிக்குப் போட வேண்டுமாம். உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அழுக்குத் தண்ணீர் வாளி பக்கத்தில் இருந்தது. அதை அப்படியே தூக்கி அவர்கள் மேல் ஊற்றினாள். அந்த வருடத்தில் எனக்கு மனசு நிறைந்த ஒரே காட்சி அது.

சொல்லிக்கொள்ளும்படி நடந்தது ஒன்றுதான். அக்கா முன்வாசல் வழியாக வந்தாள், பட்டப்பகலில். "நீ எனக்காக ரோட்டுல நின்ன. நான் உனக்காக ரோட்டைத் தாண்ட மாட்டேனா?" என்றாள். வீட்டில் என்ன சண்டை போட்டாளோ தெரியாது, தினமும் வந்தாள். மிஷினுக்குக் கதவு மாற்றினோம். விடுதிக்காரர்கள் திரும்ப வந்தார்கள், அவர்களுக்கு எந்தப் பந்தும் ஒன்றுதான். கடையில் சோப்பு வாசனை வந்தது. அண்ணி ஆழமாக மூச்சு விட்டாள். ஆனால் காலையில் எழுந்ததும், "கையைத் தூக்கு" என்று சொல்லிப் பழகிய நேரத்தில், என்ன செய்வது என்று தெரியாமல் வெறும் கையோடு நிற்பாள்.

அடுத்த சீசன் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மத்தியானம், அண்ணியும் அக்காவும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் கேப்டன், என் அண்ணன், பின்னால் பூட்டு. பூட்டின் தோளில் ஒரு புதுச் சாக்கு.

கேப்டன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குரலில் தேன் வழிந்தது.

"அக்கா, நடந்ததெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. நாங்க உக்காந்து நல்லா யோசிச்சோம். செமிஃபைனல் ஜெயிச்சது உங்க கைக் கறையில. அதுதான் உண்மையான ராசி. ஃபைனல்ல தோத்தது ஏன்னா அன்னிக்கி..." என்று அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார், "வேற ஆளு காத்து பட்டுடுச்சு. புது ஜெர்சி கொண்டு வந்திருக்கோம். அதே பீட்ரூட்டு, அதே வறுத்த மண்ணு. நீங்க மட்டும் தொட்டுப் பண்ணிக் குடுத்தீங்கன்னா போதும்."

"தெருவே உன்னைக் கொண்டாடும்" என்றான் என் அண்ணன்.

எனக்கு இஸ்திரிப் பெட்டியை அவன் மேல் வைக்க வேண்டும் போலிருந்தது. அண்ணி அவர்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முன்னால் வந்தான். சாக்கை மேசைமேல் வைத்தான். அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவளிடம் வாயைத் திறந்தான்.

"அம்மா, மண்ணை மட்டும் அன்னிக்கி மாதிரியே வறுத்துடும்மா."

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. கடை எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை. மாதக்கணக்கில் பூட்டி வைத்த வாயைத் திறந்து பிள்ளை அம்மாவிடம் கேட்டது அழுக்கு.

அண்ணி விரிப்பின் முனையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு அவனருகே வந்தாள்.

"கையைத் தூக்கு" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. பழக்கத்தில் தூக்கினான். அவள் சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு வெளுத்த தழும்பு, அவ்வளவுதான். கட்டி இல்லை, சிவப்பு இல்லை. கட்டை விரலால் அதை ஒரு முறை தடவினாள். பிறகு, துவைத்த துணியை முகர்வது போலவே, முகர்ந்து பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு" என்றாள். "என் வேலை முடிஞ்சுது. சாக்கை எடுத்துக்கிட்டுப் போ."

அவன் கையை இறக்காமல் நின்றான். அவள் திரும்பி வந்து விரிப்பின் முனையை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இழு அக்கா" என்றாள். அக்கா இழுத்தாள்.